ஜூமா, பிரைமா? டெலிபோட்டோ லென்ஸ் வாங்கும்முன் போட வேண்டிய கணக்குகள்

"துல்லியம் வேண்டுமா, பிரைம் வாங்கு. வசதி போதுமா, ஜூம் வாங்கு." பிலிம் காலத்தில் புகைப்படம் கற்றவர்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்த பாடம் இது. அன்றைக்கு அது சரியாகவும் இருந்தது. இன்று 600 மி.மீ., 800 மி.மீ. வரை எட்டும் ஜூம்களைத் தொழில்முறைப் படக்காரர்களே கையில் வைத்திருக்கிறார்கள். மறுபக்கம், எஃப்/6.3, எஃப்/11 என்று பல ஜூம்களைவிட இருட்டான, அதாவது ஒளியைக் குறைவாக உள்ளே விடும், பிரைம்களும் வந்துவிட்டன. பழைய பாடம் இரண்டு பக்கமும் உடைந்துபோனதால்தான், தூரத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸை முதன்முதலாக வாங்கப்போகிறவர்கள் இவ்வளவு குழம்புகிறார்கள்.

இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி "ஜூமா, பிரைமா" என்று கேள்வியைத் தொடங்குவதாலேயே வருகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: உங்களுக்கும் நீங்கள் எடுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள தூரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? நீங்களா, அதுவா? மற்ற கணக்குகள் எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

## சொற்கள்

குவியத் தூரம். லென்ஸின் மேல் மி.மீ. என்று எழுதியிருக்கும் எண். அது கூடக் கூடப் பார்வைக் கோணம் குறுகும். தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 200 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 12 டிகிரி காட்டும். 400 என்றால் 6 டிகிரி, 600 என்றால் 4 டிகிரி. இந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாம் ஃபுல் ஃபிரேமுக்கு. சிறிய சென்சார் என்றால் கோணம் இன்னும் குறுகும்.

பிரைம். ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸ். படத்தில் பொருள் பெரிதாக வேண்டுமென்றால் நீங்கள்தான் நடக்க வேண்டும்.

ஜூம். உள்ளே கண்ணாடிகள் கூட்டம் கூட்டமாக முன்னும் பின்னும் நகர்ந்து குவியத் தூரத்தை மாற்றும் லென்ஸ். ஸ்டில் கேமராவுக்கு இது வந்தது 1959-இல். வோய்க்ட்லாண்டர் நிறுவனத்தின் 36–82 மி.மீ. ஸூமார் அந்த ஆண்டில்தான் வெளியானது; நிக்கானின் 85–250 மி.மீ. டெலிபோட்டோ ஜூமும் அதே ஆண்டுதான்.

எஃப் எண். குவியத் தூரத்தை, ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. எண் சிறிதானால் துளை பெரிது, ஒளி அதிகம். ஒளி இரண்டு மடங்காவதை ஒரு 'ஸ்டாப்' என்பார்கள்.

எஃப் எண் என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். லென்ஸின் எடை, விலை, பின்னணி மங்கல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

## எல்லாம் அந்தத் துளையில்தான்

600 மி.மீ. எஃப்/4 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150. அதாவது 15 செ.மீ. விட்டமுள்ள துளை. முன் கண்ணாடி அதைவிடச் சிறிதாக இருக்க முடியாது. 600 மி.மீ. எஃப்/6.3 என்றால் துளை 9.5 செ.மீ. மட்டுமே. பரப்பளவில் பார்த்தால் முதலாவது இரண்டாவதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது.

இந்தக் கணக்கில் ஜூம், பிரைம் என்ற சொற்களே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரைம் வெளிச்சமானது என்று சொல்வது, நம் மனதில் இருக்கும் பிரைம்கள் எல்லாம் பெரிய துளை கொண்டவை என்பதால்தான். நிக்கான் 2023-இல் வெளியிட்ட இரண்டு லென்ஸ்கள் இதற்கு நல்ல சாட்சி. ஒன்று 180–600 மி.மீ. எஃப்/5.6–6.3 ஜூம். மற்றொன்று 600 மி.மீ. எஃப்/6.3 பிரைம். 600-இல் இரண்டும் உள்ளே விடும் ஒளி ஒன்றே. பின்னணியை மங்கலாக்கும் அளவும் ஒன்றே. இரண்டில் பிரைமை எடுப்பவருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் எடைக் குறைவு. டிரைபாடில் மாட்டும் வளையமான காலரோடு சேர்த்து ஜூம் 2.1 கிலோவுக்கும் சற்று மேல், பிரைம் ஒன்றரைக் கிலோவுக்குள்.

பின்னணி மங்கலும் இந்தத் துளையின் வேலைதான். ஒரு சின்ன விதியாக இதைச் சொல்லலாம்: வெகு தூரத்தில் இருக்கும் ஓர் ஒளிப்புள்ளி படத்தில் எவ்வளவு பெரிய வட்டமாக விரியும் என்றால், நீங்கள் ஃபோகஸ் செய்த இடத்தில் துளையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு. சுமார் 17 செ.மீ. நீளமுள்ள சிறு மீன்கொத்தி ஒன்று குச்சியில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு வெகு பின்னால் இலைகளுக்கிடையே வானம் மினுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 600 எஃப்/4-இல் அந்த மினுக்கு ஒவ்வொன்றும் 15 செ.மீ. வட்டம், ஏறத்தாழப் பறவையளவு. அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பின்னணியே ஒரு நிறப் பூச்சாகிவிடும். எஃப்/6.3-இல் அவை பறவையில் பாதியளவு. இலைகள் இலைகளாகவே கொஞ்சம் தெரியும்.

பெரிய துளைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பத்து மீட்டர் தொலைவில் 600 எஃப்/4-இன் கூர்மை ஆழம், அதாவது முன்னுக்கும் பின்னுக்குமாகக் கூர்மையாகத் தெரியும் பகுதி, ஆறேழு செ.மீ.தான். கண் கூர்மையாக இருந்தால் வால் மங்கிப்போகும். அதனால் எஃப்/4 வாங்கியவர்களும் அருகில் வந்த பறவைக்குத் துளையைச் சுருக்கித்தான் எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கையில் இருப்பது எடை கூடிய எஃப்/6.3 லென்ஸ், அவ்வளவுதான்.

## துல்லியம் பற்றிய சண்டை

பிரைம் கூர்மையானது என்பதற்கு அடிப்படை உண்டு. வடிவமைப்பாளர் ஒரே குவியத் தூரத்துக்கு மட்டும் பிழை திருத்தினால் போதும். ஜூமில் இந்த முனையில் திருத்தியது அந்த முனையில் கெட்டுவிடக் கூடாது. நடுவிலும் கெடக் கூடாது. அதற்குக் கண்ணாடிகள் கூட வேண்டும். 1993-இல் வந்த கேனான் 400 மி.மீ. எஃப்/5.6 பிரைமில் மொத்தம் ஏழு கண்ணாடிகள். 2014-இல் வந்த 100–400 மி.மீ. இரண்டாம் பதிப்பில் 21. கண்ணாடி கூடினால் உள்ளே பிரதிபலிக்கும் பரப்புகளும் கூடும். நகரும் பாகங்கள் இருப்பதால் ஒரு கூட்டம் துளி கோணலானாலும் படத்தின் ஒரு ஓரம் மங்கும்.

ஆனால் அதே ஜோடியை முழுதாகப் பாருங்கள். அந்த பிரைமில் நடுக்கம் தடுக்கும் வசதி கிடையாது. மூன்றரை மீட்டருக்கு அருகில் ஃபோகஸ் ஆகாது. ஜூமில் நடுக்கத் தடுப்பு உண்டு. ஒரு மீட்டருக்கும் அருகில் ஃபோகஸ் ஆகும். கையில் பிடித்து எடுக்கும் பெரும்பாலானோருக்கு எந்த லென்ஸ் கூர்மையான படங்களை அதிகம் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கணினி வடிவமைப்பும் புதுவகைக் கண்ணாடிகளும் வந்தபின், 70–200 மி.மீ. வட்டாரத்தில் இந்தச் சண்டை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அங்கே நல்ல ஜூம் ஒன்றைக் கூர்மைக்காகக் குறைசொல்ல இடமில்லை. 400-க்கு மேல் வித்தியாசம் இன்னும் உண்டு. பல ஜூம்கள் தங்கள் நீண்ட முனையில்தான் சற்றுச் சோர்கின்றன. பறவைக்காரர்கள் முக்கால்வாசி நேரம் நிற்பதும் அந்த முனையில்தான்.

ஆனால் நீண்ட லென்ஸ் படங்களைக் கெடுப்பவற்றில் லென்ஸின் பிழை கடைசிக் காரணம். முதல் காரணம் காற்று. வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் வெப்ப அலை, நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் எதையும் நீருக்கடியில் இருப்பதுபோல் நெளிய வைக்கும். அதை எந்தப் பிரைமும் திருத்தாது. அடுத்தது ஷட்டர் வேகம் போதாமை. பறக்கும் பறவைக்கு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேண்டியிருக்கும். நடுக்கத் தடுப்பு உங்கள் கையைத்தான் கட்டுப்படுத்தும், அதன் சிறகை அல்ல. மூன்றாவது, ஃபோகஸ் கண்ணில் விழாமல் தோளில் விழுவது. இவை எல்லாம் தாண்டியபின்தான் கண்ணாடியின் தரம் பேசும்.

## நாரை இறக்கை விரிக்கும் நொடி

ஜூமின் லாபத்தைச் சொல்லும்போது வெறுமனே "வசதி" என்று முடித்துவிடுகிறார்கள். அது என்ன வசதி என்று எண்ணில் பார்க்கலாம்.

600 மி.மீ. லென்ஸோடு இருபது மீட்டர் தொலைவில் நின்றால், உங்கள் சட்டகத்துக்குள் அடங்குவது 1.2 மீட்டர் அகலமும் 80 செ.மீ. உயரமும் மட்டுமே. குச்சியில் இருக்கும் மீன்கொத்தி அதில் அகலத்தில் ஏழில் ஒரு பங்கு. பக்கவாட்டில் 6000 பிக்சல் உள்ள கேமரா என்றால் பறவையின் மேல் 850 பிக்சல் விழும். 400 மி.மீ. என்றால் அதுவே சுமார் 570. இந்தக் காட்சியில் 180 மி.மீ.-க்கோ 200 மி.மீ.-க்கோ வேலையே இல்லை. பறவை எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்று பறவைதான் முடிவு செய்கிறது. அது எப்போதும் உங்களுக்குப் போதாத தூரத்தில்தான் உட்காரும். ஜூம் கையில் இருந்தாலும் வளையத்தைக் கடைசிவரை திருப்பி அப்படியே விட்டுவிடுவீர்கள்.

இப்போது அதே இடத்தில் சாம்பல் நாரை ஒன்று நிற்கிறது. நிற்கும்வரை சிக்கல் இல்லை. அது எழும்ப இறக்கை விரித்தால் நுனிக்கு நுனி ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். 1.2 மீட்டர் சட்டகத்தில் அது அடங்காது. பிரைம் வைத்திருப்பவருக்கு இறக்கை நுனி இரண்டும் வெட்டுப்பட்ட படம்தான் கிடைக்கும். ஜூம் வைத்திருப்பவர், நாரை காலை மடக்கிக் கழுத்தை இழுக்கும் அந்த ஒரு நொடியில் வளையத்தை 300-க்குத் திருப்பினால் சட்டகம் 2.4 மீட்டராக விரியும். முழு நாரையும் உள்ளே.

கண்டுபிடிப்பதிலும் ஜூமுக்குத்தான் மேல்கை. வானத்தில் சுழலும் பருந்தை 4 டிகிரிக் கோணத்துக்குள் கொண்டுவருவது பழகாதவருக்குப் பெரும்பாடு. வியூஃபைண்டரில் வெறும் நீலம்தான் ஓடிக்கொண்டிருக்கும். 200-இல் பறவையைப் பிடித்து, ஃபோகஸ் ஆனதும் 600-க்குப் போவது எளிது. பிரைம் பழகியவர்கள் இரண்டு கண்ணையும் திறந்துவைத்து, லென்ஸைத் துப்பாக்கிபோல் நீட்டிக் குறிபார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். பழகினால் வரும், ஆனால் சில மாதங்களாவது ஆகும்.

அருகாமை ஃபோகஸும் இங்கே சேரும். மேலே சொன்ன நிக்கான் ஜோடியில், பிரைம் நான்கு மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. ஜூம் 600-இல் 2.4 மீட்டர்வரை வரும். தும்பி, பட்டாம்பூச்சி எடுப்பவர்களுக்கு இந்த ஒன்றரை மீட்டர் பெரிய விஷயம்.

## இருட்டில் யார் ஜெயிப்பது?

வெளிச்சம் குறையும் நேரத்துக் கணக்கு ஒன்று. மாலை நேரம், ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எஃப்/6.3 லென்ஸில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் எண்; கூடினால் படத்தில் புள்ளி தட்டும்) 6400 தேவைப்படுகிறது என்றால், எஃப்/4-இல் 2500 போதும்; எஃப்/2.8-இல் 1250 சொச்சம். உள்ளரங்க விளையாட்டையும் மின்விளக்கு மைதானத்தையும் எடுப்பவர்கள் 400 எஃப்/2.8-ஐச் சுமப்பது இதற்காகத்தான். அங்கே எஃப்/6.3 ஜூமைக் கொண்டுபோய் நிற்பது வீண்.

மற்றவர்களுக்கு இந்த இடைவெளி பழையபடி அச்சுறுத்துவதில்லை. இரண்டு மாற்றங்கள் நடந்தன.

1. லென்ஸுக்குப் பின்னால் முகம்பார்க்கும் கண்ணாடி (மிரர்) வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் ஆட்டோஃபோகஸுக்குத் தனி உணரி இருந்தது. பெரும்பாலானவற்றில் லென்ஸ் எஃப்/5.6-ஐவிட இருட்டானால் அது திணறும். மேல்தட்டுக் கேமராக்களில் நடுப்புள்ளி மட்டும் எஃப்/8 வரை போகும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் அந்த எல்லை தளர்ந்துவிட்டது. கேனான் 2020-இல் 600, 800 மி.மீ. எஃப்/11 பிரைம்களைத் துணிந்து வெளியிட முடிந்ததும் இதனால்தான். 600-இன் எடை ஒரு கிலோகூட இல்லை.

2. நாய்ஸ் எனப்படும் அந்தப் புள்ளிகளைக் குறைக்கும் மென்பொருள்கள் தேறிவிட்டன. ஐஎஸ்ஓ 6400 படம் என்றால் தூக்கிப்போட வேண்டும் என்ற நிலை இல்லை. ஆனால் இறகின் நுண்கோடுகளை மென்பொருள் ஊகித்து வரைகிறதா, உண்மையில் பதிந்ததைத்தான் காட்டுகிறதா என்பதில் கவனம் தேவை. நுண்விவரத்துக்கு ஒளிக்கு மாற்று ஒளிதான்.

## எடையும் டெலிகன்வெர்ட்டரும்

பெரிய பிரைம் என்றாலே முதுகு ஒடியும் என்பதும் மாறிவருகிறது. சோனியின் 600 எஃப்/4 சுமார் 3 கிலோ. அதே நிறுவனத்தின் 200–600 ஜூம் 2.1 கிலோ. இரண்டும் 2019-இல் வந்தவை. நிக்கான் 600 எஃப்/6.3 அந்த ஜூமையும்விட இளைத்திருப்பதற்குக் காரணம் ஃபிரெனல் வகைக் கண்ணாடி. நுண்ணிய வளைய வரிகள் பொறித்த இந்தக் கண்ணாடி, நிறங்களைச் சாதாரணக் கண்ணாடிக்கு நேரெதிராகப் பிரிக்கும். இரண்டையும் சேர்த்தால் நிறப்பிழை ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும், லென்ஸும் குட்டையாகும். குறை என்னவென்றால், சட்டகத்துக்குள் பலமான விளக்கு இருந்தால் அதைச் சுற்றி வளையங்கள் தோன்றக்கூடும்.

ஜூம்களில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: வளையம் திருப்பும்போது குழல் வெளியே நீள்கிறதா, இல்லையா? நீளும் வகை பைக்குள் சுருங்கி அடங்கும். ஆனால் நீளும்போது எடையின் மையம் நகர்வதால் டிரைபாடில் சமநிலை மாறும். போகவர உள்ளே காற்றும், அதோடு தூசியும் போகும். நீளாத வகை எப்போதும் ஒரே நீளம், கையில் ஒரே சமநிலை.

டெலிகன்வெர்ட்டர் என்பது குவியத் தூரத்தைப் பெருக்க லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் துண்டு. 1.4 மடங்கு ஒரு ஸ்டாப்பையும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப்பையும் தின்னும். 400 எஃப்/2.8 உள்ளவருக்கு இது 560 எஃப்/4-ஆகவும் 800 எஃப்/5.6-ஆகவும் மாறும், ஒரு பிரைம் மூன்று பிரைம் ஆகிவிடுகிறது. எஃப்/6.3 லென்ஸில் 1.4 மடங்கை மாட்டினாலே எஃப்/9-க்குப் போய்விடும். நல்ல வெயிலில் மட்டுமே சரிப்படும். ஏற்கெனவே நீண்ட முனையில் சோர்ந்திருக்கும் ஜூமில் இதை மாட்டுவதைவிடப் படத்தை வெட்டிக்கொள்வதே பல நேரம் மேல். அதற்கும் எல்லை உண்டு. 400-இல் எடுத்ததை 600 எடுத்ததுபோல் வெட்டினால் 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது 11-க்கும் குறைவு.

நடுவில் நிற்பவையும் உண்டு. 1.4 கன்வெர்ட்டரை உள்ளேயே வைத்த கேனானின் 200–400 எஃப்/4 ஜூம் 2013-இல் வந்தது. அதே உத்தியோடு நிக்கானின் 400 எஃப்/2.8, 600 எஃப்/4 பிரைம்கள் 2022-இல் வந்தன. நெம்புகோலைத் தட்டினால் பிரைமுக்கு இரண்டாவது குவியத் தூரம். விலை எல்லோருக்கும் எட்டாது என்பதால் இவற்றை இத்தோடு விடலாம்.

## முடிவெடுக்கும் வரிசை

1. தூரம் யார் கையில்? பொருள் எப்போதும் எட்டாத் தூரத்தில்தான் என்றால் பிரைம். பொருள் உங்களை நோக்கி ஓடிவரும், விலகிப்போகும், நீங்களோ வண்டியிலோ படகிலோ பார்வையாளர் வரிசையிலோ நகர முடியாமல் இருக்கிறீர்கள் என்றால் ஜூம்.

2. பழைய படங்கள் என்ன சொல்கின்றன? ஒவ்வொரு படத்தோடும் குவியத் தூரம் பதிவாகியிருக்கும். உங்களுக்குப் பிடித்த நூறு படங்களை எடுத்து, எத்தனை நீண்ட முனையில் எடுத்தவை என்று எண்ணுங்கள். தொண்ணூறு என்றால் ஜூம் வளையத்தின் மிச்சப் பகுதியைச் சும்மா சுமந்திருக்கிறீர்கள். ஒரு எச்சரிக்கை: 300-இல் முடியும் லென்ஸில் தொண்ணூறு என்றால், அது பிரைம் வேண்டும் என்பதற்குச் சாட்சி ஆகாது. எட்டம் போதவில்லை என்பதற்குத்தான் சாட்சி.

3. எத்தனை கேமரா? மைதான ஓரத்தில் 400 எஃப்/2.8-ஓடு நிற்பவரைப் பார்த்து அதே லென்ஸுக்கு ஆசைப்படுபவர்கள், அவர் தோளில் தொங்கும் இரண்டாவது கேமராவைப் பார்ப்பதில்லை. அதில் பெரும்பாலும் 70–200 ஜூம் இருக்கும். ஆட்டக்காரர் அருகே வந்ததும் அவர் கேமராவையே மாற்றிவிடுகிறார். ஒரே கேமரா வைத்திருப்பவர் அவருடைய உபகரணத்தில் பாதியை மட்டும் வாங்கினால், பிரச்சினையில் பாதி அப்படியே இருக்கும்.

4. எந்த நேரத்து வெளிச்சம்? விடியலும் அந்தியும் இரவு மைதானமும்தான் உங்கள் நேரம் என்றால் பெரிய துளை தேவை; 400-க்கு மேல் பெரிய துளை பெரும்பாலும் பிரைமில்தான் கிடைக்கும். 300 வரை போதும் என்றால் கேனானின் 100–300 எஃப்/2.8 போன்ற விதிவிலக்கு ஜூம்கள் உண்டு.

5. எவ்வளவு நேரம் தூக்குவீர்கள்? எடையை அட்டவணையில் படித்தால் புரியாது. யாரிடமாவது இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ கேமராவில் மாட்டி, கண்ணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெறும் குச்சி ஒன்றைப் பத்து நிமிடம் பாருங்கள். மீன்கொத்தி அந்தக் குச்சிக்குத் திரும்பி வர அதைவிட அதிக நேரமே எடுத்துக்கொள்ளும். நான்காவது நிமிடத்தில் கை தானாக இறங்கிவிட்டால், வாங்கப்போகும் பட்டியலில் ஒற்றைக் கால் தாங்கியான ஒரு மோனோபாடையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு கிலோ குறைந்த லென்ஸைப் பாருங்கள்.